அணங்கும் சிறாரும்
(ஆங்கிலச் சிறார் பேய்ப்புதினங்களில் அச்சம் பெறும் நிலை)

முன்னுரை

உண்ண மறுக்கும் குழந்தைக்குப் பூச்சாண்டி காட்டுதல் தமிழகத்து இல்லங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். அச்சுறுத்தப்பட்ட குழந்தை உண்கிறது; உறங்கவும் செய்கிறது. ஆயினும் விளக்கில்லாத அறைக்குள் தனியே செல்ல அஞ்சுகிறது. ஒரு வேளைச் சோற்றின் பொருட்டு ஊட்டப்பெற்ற அச்சம் பல்லாண்டுகள் நெஞ்சில் தங்கிவிடுகிறது. இவ்வழக்கின் தீமையை உணர்ந்த பாரதியார், பேய்க்கு அஞ்சாமையைத் தம் புதிய ஆத்திசூடியில் இளையோர்க்குரிய அறங்களுள் ஒன்றாக வைத்தார். 1961-இல் வெளிவந்த அரசிளங்குமரி என்னும் திரைப்படத்தில் இடம்பெற்ற பாடலொன்றில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரனாரும், மரத்திற் பேய் உண்டெனக் கூறிச் சிறுவரின் துணிவைக் குலைப்போர் சொல்லை நம்பவேண்டா என்று அறிவுறுத்தினார்.

இத்தகைய கருத்துச் சூழலில் வளர்ந்த நமக்கு, எட்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறார்க்கென்றே பேய்ப்புதினங்கள் எழுதப்படுவதும், அவற்றுட் சில சிறார் இலக்கியத்திற்குரிய உயர்ந்த பரிசில்களைப் பெறுவதும் வியப்பைத் தரலாம். ‘வீட்டினின்றும் விரட்ட முயலும் பேயை நூலகத்தின் வழியே மீண்டும் அழைப்பதோ?’ என வினவுவாரும் உளர். இவ்வினா புறக்கணித்தற்குரியதன்று. சிறார் இலக்கியத்தை மதிப்பிடுங்கால் அச்சம் என்னும் சுவைக்கு யாது இடம் தருவது என்னும் அடிப்படைச் சிக்கல் இதனுள் அடங்கியுள்ளது.

இச்சிக்கலை ஆராய்தற்கு ஆங்கிலப் புதினங்கள் நான்கினை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். லூசி பாஸ்டன் எழுதிய ‘கிரீன் நோவின் சிறார்’ (1954), பிலிப்பா பியர்ஸ் எழுதிய ‘டாமின் நள்ளிரவுத் தோட்டம்’ (1958), பெனலோப்பி லைவ்லி எழுதிய ‘தாமஸ் கெம்பின் ஆவி’ (1973), நீல் கெய்மன் எழுதிய ‘இடுகாட்டு நூல்’ (2008) என்பன அவை. நான்கும் இங்கிலாந்து நாட்டைக் களமாகக் கொண்டவை. பூச்சாண்டி காட்டுதலும் பேய்ப்புதினம் படிக்கத் தருதலும் ஒரு தன்மையன அல்ல. ஒன்றற்கொன்று மறுதலையானவை என்பதே இக்கட்டுரையில் யாம் நிறுவக் கருதுவது.

மெய்ப்பாட்டியல் காட்டும் வழி

அச்சத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலே நமக்குத் தக்க துணை. எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகிய அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினை நிலைக்களனாகக் கொண்டு தோன்றும் என்பர் ஆசிரியர். இவற்றுள் அணங்கு என்பதனுள் பேயும் பூதமும் முதலாயினவற்றைப் பேராசிரியர் அடக்கியுரைத்தார். எனவே, பேயால் தோன்றும் அச்சம் அணங்கு பற்றி வந்த அச்சம் எனப்படும்.

இனி, அழுகை என்னும் மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கின்கண் தோன்றும். பிறரால் இகழப்பட்டு எளிமையுறுதல் இளிவு. உயிரும் சுற்றமும் பொருளும் முதலியவற்றை இழத்தல் இழவு. பண்டைய நிலை கெட்டு வேறொரு நிலையினராய் வருந்துதல் அசைவு. நுகரவேண்டுவன நுகரப்பெறாமை வறுமை.

இவ்விரு மெய்ப்பாடுகட்கும் இடையே குறிக்கத்தக்க வேறுபாடு ஒன்று உண்டு. அச்சம் பிறிதொரு பொருள் பற்றியே வருவது. அஞ்சுவான் வேறு, அஞ்சப்படும் பொருள் வேறு. அழுகையோ தன்பொருட்டும் தோன்றும், பிறர்பொருட்டும் தோன்றும். பிறர் துயர் கண்டு கண்ணீர் உகுப்பவன் அப்பிறரைத் தன்னின் வேறாகக் கருதுவதில்லை. எனவே, ஒரு பொருளைக் கண்டு அஞ்சியவன் அப்பொருளின்பொருட்டே இரங்கும் நிலையை எய்துவானாயின், அவனுள்ளத்தே பெரியதொரு மாற்றம் நிகழ்ந்தது என்பது தெளிவு. எடுத்துக்கொண்ட நான்கு புதினங்களும் இம்மாற்றத்தையே தம் பொருளாகக் கொண்டன. அவற்றிற் பேய் அணங்காகத் தோன்றுகிறது. அழுகைக்குரிய நான்கு களன்களுள் ஒன்றைத் தாங்கி நிற்பதாகப் பின்னர் அறியப்படுகிறது.

தமிழ்ச் செய்யுட்கு வகுத்த இலக்கணத்தை ஆங்கிலப் புதினத்தின்மேல் ஏற்றுதல் பொருந்துமோ என ஐயுறலாம். அந்நூலாசிரியர்கள் தொல்காப்பியத்தை அறிந்து எழுதினார் என்பது எம் கருத்தன்று. மாந்தர் உள்ளத்து உணர்ச்சிகளை வகைப்படுத்திக் காட்டும் கருவியாகவே மெய்ப்பாட்டியலைக் கொள்கின்றோம்.

முதியோர் பேய்க்கதையும் சிறார் பேய்ப்புதினமும்

ஆங்கிலத்தில் முதியோர்க்குரிய பேய்க்கதை தனியொரு துறையாக வளர்ந்துள்ளது. அத்துறையில் தலைசிறந்தவராக மதிக்கப்படுபவர் எம். ஆர். ஜேம்ஸ். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் கிறித்துமசு நாட்களில் நண்பர்கட்குப் படித்துக்காட்டுதற்காகக் கதைகள் பல எழுதிய இவரது முதற் பேய்க்கதைத் தொகுதி 1904-இல் வெளிவந்தது. 1911-இல் வெளியிட்ட இரண்டாந் தொகுதியின் முன்னுரையில், பேய் தீங்கு செய்வதாகவே இருத்தல் வேண்டும் என்றும், அன்புடைய பேய்கள் தேவதைக் கதைகட்கும் நாட்டுப்புற வழக்குகட்குமே உரியன என்றும் அவர் தம் கொள்கையை வெளியிட்டார். அவர் கதைகளில் வருவோர் பெரும்பாலும் கற்றோர். தொடத்தகாத பழம்பொருளைத் தொட்டுத் துன்புறுவோர். அவர்களை வருத்தும் பேயின் உள்ளத்தை நாம் அறிவதில்லை. அறிந்தால் அச்சம் குறையும் என்பதை ஜேம்ஸ் நன்கு உணர்ந்திருந்தார்.

இதற்கு மாறான நெறியை ஆஸ்கார் வைல்ட் 1887-இல் எழுதிய ‘காண்டர்வில் பேய்’ என்னும் கதையில் காண்கின்றோம். அமெரிக்கக் குடும்பம் ஒன்று பேய் குடியிருக்கும் ஆங்கில மாளிகையை விலைக்கு வாங்குகிறது. அக்குடும்பத்து இரட்டைச் சிறுவர் பேயை அலைக்கழிக்கின்றனர். சங்கிலி ஓசை எழுப்பும் பேய்க்கு அவர்தம் தந்தையார் எண்ணெய் தருகிறார். நகைச்சுவையாகத் தொடங்கும் இக்கதை, வர்ஜீனியா என்னும் பதினைந்து வயதுப் பெண் பேயின் துயரைக் கேட்டு இரங்கி, அதன்பொருட்டு அழுது இறைவனை வேண்டி, அதற்கு ஓய்வு பெற்றுத் தருவதில் முடிகிறது. இது சிறார்க்கென எழுதப்பட்டதன்று. எனினும் பின்வந்த சிறார் பேய்ப்புதினம் செல்லவேண்டிய வழியை முன்னரே காட்டியது. ஜேம்ஸ் விலக்கிய நெறியே சிறார் புதினத்திற்கு உரிய நெறியாயிற்று எனலாம்.

இழவு: பாஸ்டனும் பியர்சும்

லூசி பாஸ்டன் அறுபது வயதைக் கடந்த பின்னரே எழுத்துத் துறையில் பெயர் பெற்றவர். ஹெமிங்ஃபோர்டு கிரே என்னும் ஊரில் அவர் வாழ்ந்த வீடு பன்னிரண்டாம் நூற்றாண்டினது. அவ்வீட்டையே அவர் தம் நூல்களிற் கிரீன் நோ என்னும் பெயரால் அமைத்தார். ஏழு வயதுச் சிறுவன் டாலி, வெள்ளம் சூழ்ந்த அவ்வீட்டிற்குத் தன் பாட்டனாரின் தாயாராகிய ஓல்டுநோ அம்மையாரிடம் விடுமுறைக்காக வருகிறான். அங்கே டோபி, அலெக்சாண்டர், லின்னெட் என்னும் மூன்று சிறாரின் சிரிப்பொலியும் அடியோசையும் அவனுக்குக் கேட்கின்றன. ஒளிந்து விளையாடும் அவர்களைக் காண அவன் ஏங்குகிறான். பிறகே, பதினேழாம் நூற்றாண்டுப் பெருங்கொள்ளை நோயில் அவர்கள் இறந்தனர் என்பதை அம்மையார் வாயிலாக அறிகிறான்.

ஈண்டு ஆசிரியர் செய்த நுட்பம் ஒன்று நோக்கத்தக்கது. பிற கதைகளில் பேய் என்றறிந்து அஞ்சுதல் முதலில் நிகழும். இங்கோ நட்பு முதலில் நிகழ்கிறது. இறப்பு என்னும் செய்தி அதன்பின் வருகிறது. எனவே டாலியின் உள்ளத்தில் எழுவது அச்சமன்று. இழவு பற்றிய அழுகையே. இந்நூலில் அச்சத்திற்குரிய பொருள் வேறொன்றாக அமைந்துள்ளது. நோவாவின் உருவாக வெட்டி வளர்க்கப்பட்டு, சாபத்திற்கு ஆளான மரம் அது. அம்மரம் இருளில் டாலியைத் தேடி அசைந்துவரும்போது, இறந்த சிறாரே அவன் பொருட்டுக் குரல் கொடுக்கின்றனர். தீங்கினின்றும் காக்கும் சுற்றமாகவே பேய்கள் இந்நூலில் நிற்கின்றன.

பியர்சின் நூல் இதனினும் நுட்பமானது. தம்பிக்குத் தட்டம்மை கண்டமையால் உறவினர் வீட்டிற்கு அனுப்பப்பட்ட டாம், கூடத்திலுள்ள பழங்கடிகாரம் நள்ளிரவில் பதின்மூன்று முறை அடிக்கக் கேட்டு இறங்கிச் செல்கிறான். பகலிற் குப்பைத்தொட்டிகள் நிற்கும் சிறுமுற்றம் இருந்த இடத்தே பெரியதொரு தோட்டம் காணப்படுகிறது. அத்தோட்டத்தில் ஹாட்டி என்னும் சிறுமியை அவன் நட்பாகக் கொள்கிறான். ஒருநாள் இருவர்க்கும் பூசல் எழுகிறது. ‘நீயே பேய்’ என்று அவள் கூற, ‘நீயே பேய்’ என்று அவன் கூறுகிறான். மூடிய கதவினூடே செல்பவன் அவன்; பழங்காலத்து உடை உடுத்தவள் அவள். இருவர் கூற்றிற்கும் சான்று உண்டு.

பேய்ப்புதின வரலாற்றில் இப்பூசல் ஒரு திருப்பம் என்பது எம் துணிபு. அஞ்சப்படுவது யாது என்னும் வினாவிற்கு, ‘நிற்கும் இடத்தைப் பொறுத்தது’ என்னும் விடையை ஆசிரியர் சிறார்க்குத் தருகிறார். அவள் உலகினின்று நோக்கின் டாமே அணங்கு. தானும் பிறர்க்கு அணங்காகலாம் என உணர்ந்த சிறுவன் மீண்டும் பழைய அச்சத்திற்குத் திரும்புதல் அரிது. கருப்புடை உடுத்து, பெற்றோரை இழந்து அழும் சிறுகுழந்தையாக ஹாட்டியை ஒருமுறை அவன் காணும்போது, அவள் பேயோ அல்லளோ என்னும் வினாவே பொருளற்றதாகிறது. இறுதியில், மாடியில் வாழும் வீட்டுக்கு உரியவராகிய முதுமகள் பார்த்தலமியூ அம்மையாரே அந்த ஹாட்டி என அறிந்து, சிறுமியை அணைப்பதுபோல் டாம் அவரை அணைத்து விடைபெறுகிறான். இந்நூலில் இறந்தார் ஆவி என ஒன்றும் இல்லை. முதுமைக்குள் மறைந்த இளமையே ஆவியாக நின்றது. பிரிட்டனில் சிறந்த சிறார் நூலுக்கு நூலகர் கழகம் வழங்கிவந்த கார்னெகி பதக்கத்தை இந்நூல் பெற்றது.

அசைவு: தாமஸ் கெம்ப்

லைவ்லியின் நூல் நகையிற் பிறந்து அழுகையில் நிறைவுறுவது. ஜேம்ஸ் ஹாரிசன் என்னும் சிறுவனின் குடும்பம் ஒரு சிற்றூரிற் பழைய வீடொன்றில் குடியேறுகிறது. பரணைச் செப்பனிடுங்கால் புட்டி ஒன்று உடைகிறது. அதனுள் அடைக்கப்பட்டிருந்த பதினேழாம் நூற்றாண்டு மந்திரவாதியாகிய தாமஸ் கெம்பின் ஆவி வெளிப்படுகிறது. அவன் சிறுவனைத் தன் மாணாக்கனாகக் கருதி, ஏவல் இடுகிறான். பழைய எழுத்துக்கூட்டில் அறிவிப்புகள் எழுதி ஊரெங்கும் ஒட்டுகிறான். மருத்துவரையும் காவலரையும் பகைக்கிறான். அண்டை வீட்டு மூதாட்டியைச் சூனியக்காரி எனத் தூற்றுகிறான். எல்லாப் பழியும் ஜேம்ஸ்மேல் விழுகிறது. பேய் செய்தது என அவன் கூறும் உண்மையைப் பெற்றோர் நம்புகின்றிலர்.

சிறுவர் வாழ்வின் உண்மையான துன்பம் ஒன்று இவ்வமைப்பில் வெளிப்படுகிறது. பேயினால் வரும் அச்சத்தைவிட, தான் கூறுவதை எவரும் நம்பாமையால் வரும் தனிமையே கொடியது. அத்தனிமையில் ஜேம்சுக்குத் துணையாகக் கிடைப்பது ஒரு பழைய நாட்குறிப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வீட்டில் தன் அத்தையுடன் தங்கிய ஆர்னால்டு என்னும் சிறுவனும் இதே பேயால் துன்புற்றான் என்பதை ஜேம்ஸ் அதனின்றும் அறிகிறான். மூன்று காலத்தவர் ஒரு கூரையின்கீழ் உடனுறைகின்றனர் என்னும் எண்ணம் அவன் உள்ளத்தே உருவாகிறது. வரலாறு என்பது பாடநூலில் உள்ள ஆண்டுகளின் அடுக்கன்று. தன் படுக்கையறையில் முன்னர் உறங்கியவரின் வாழ்வு என்பதை அவன் உணர்கிறான்.

கெம்பின் சினம், மூதாட்டியின் வீட்டிற்குத் தீ வைக்கும் அளவிற்கு முதிர்கிறது. அதன்பின் அவன் தளர்கிறான். அவன் கற்ற கல்வியை மதிப்பார் இல்லை; அவன் எழுத்தைப் படிப்பார் நகைக்கின்றனர்; அவன் ஆணைக்கு அடங்குவார் ஒருவரும் இலர். பண்டைய நிலை கெட்டு வேறொரு நிலையில் வருந்துதலாகிய அசைவு என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. தன்னை உறங்கச் செய்யுமாறு அவன் வேண்டும்போது, அதுகாறும் அவனை ஒழிக்க வழிதேடிய ஜேம்ஸ் அவனுக்கு உதவ முற்படுகிறான். பெர்ட் எல்லிசன் என்னும் தச்சரின் துணைகொண்டு திருக்கோயிலில் அவன் கல்லறையைக் கண்டு, அவனை அங்கே துயிலச் செய்கிறான். இருவரும் பேயை ஓட்டினர் என்பதினும், வழிதவறிய முதியவர் ஒருவரை வீட்டிற் கொண்டு சேர்த்தனர் என்பதே பொருந்தும். இந்நூலும் கார்னெகி பதக்கம் பெற்றதே.

இளிவும் வறுமையும்: இடுகாட்டு நூல்

கெய்மனின் நூல் அச்சத்தின் பிற களன்களையும் உடன்கொண்டு தொடங்குகிறது. ஒரு குடும்பத்தையே கத்தியாற் கொன்ற ஒருவன், தப்பித் தவழ்ந்து சென்ற குழந்தையைத் தேடி இடுகாட்டிற்கு வருகிறான். அங்கே பல நூற்றாண்டுகட்கு முன் இறந்த, மகப்பேறு இல்லாத ஓவன்சு இணையர் அக்குழந்தையைத் தம் மகவாக ஏற்கின்றனர். கொலையுண்ட தாயின் ஆவி வேண்டிக்கொண்டதன் பயன் அது. குழந்தைக்கு ‘யாருமிலன்’ எனப் பொருள்படும் பெயர் இடப்படுகிறது. பாட் என்பது அழைக்கும் பெயர். உயிருடையாருள்ளும் இறந்தாருள்ளும் சேராத சைலசு என்பவன் அவனுக்குக் காப்பாளனாகிறான். விலங்குகளால் வளர்க்கப்பட்ட சிறுவனைப் பாடிய கிப்ளிங்கின் ‘காட்டு நூல்’ தமக்கு முன்மாதிரி என்பதை ஆசிரியரே கூறியுள்ளார். இந்நூலில் கொலைஞன் உயிருள்ளவன், காப்போர் இறந்தோர். தொல்காப்பியர் கூறிய நான்கனுள் கள்வரால் வரும் அச்சம் மெய்யாக, அணங்கால் வரும் அச்சம் அன்பாக மாறிவிடுகிறது.

இந்நூலின் இரு நிகழ்ச்சிகள் எம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதன. ஒன்று, குன்றினுள் அமைந்த தொல்காலப் புதைகுழி பற்றியது. ஐந்து வயதுப் பாட், ஸ்கார்லெட் என்னும் சிறுமியுடன் அதனுட் புகுகிறான். உடல் முழுதும் நீலம் தீட்டிய அச்சந்தரும் உருவம் ஒன்று அவர்களை மருட்டுகிறது. பாட் அதனை உற்றுநோக்கி, கொல்லைகளிற் பறவைகளை ஓட்ட நிறுத்தும் பொம்மை போன்றது அது என்னும் முடிவிற்கு வருகிறான். அச்சுறுத்துதல் ஒன்றையே தொழிலாகக் கொண்ட அவ்வுருவிற்கு வேறு செயல் இல்லை. இதுவே நம் பூச்சாண்டி! பேய்களிடையே வளர்ந்த சிறுவனே பூச்சாண்டியைப் பூச்சாண்டி என அறிகிறான். மெய்யான பேய்க்குப் பெயரும் வரலாறும் துயரும் உண்டு; பூச்சாண்டிக்கு அச்சம் ஒன்றே உண்டு. ஆசிரியர் இவ்வேறுபாட்டை ஒரு கோட்பாடாகக் கூறாமல் நிகழ்ச்சியாகக் காட்டியது பாராட்டத்தக்கது.

மற்றொன்று, லைசா ஹெம்ஸ்டாக் என்னும் பெண்ணின் வரலாறு. சூனியக்காரி எனப் பழி சுமத்தி, நீரில் அமிழ்த்தி, எரித்துக் கொல்லப்பட்டவள் அவள். இடுகாட்டின் வேலிக்கு அப்பால், ஏழைகட்கும் விலக்கப்பட்டோர்க்கும் உரிய நிலத்திற் கல் இன்றிக் கிடக்கிறாள். எல்லார்க்கும் கல் இருக்க, தனக்கு மட்டும் இல்லை என்பதே அவள் குறை. சிறுவனாகிய பாட் அவளுக்குக் கல் வாங்கித்தரப் பொருள் தேடி ஊருக்குட் சென்று, பேராசை கொண்ட கடைக்காரன் ஒருவனிடம் அகப்பட்டு வருந்துகிறான். அவள் உதவியால் மீண்டு வந்து, தாள்கள் பறவாமல் மேல்வைக்கும் கண்ணாடிக் கட்டி ஒன்றில் அவள் பெயரின் முதலெழுத்துகளையும், அவள் மறக்கப்படவில்லை என்னும் கருத்தையும் தன் கையாலேயே தீட்டி அவள் கிடந்த இடத்தில் வைக்கிறான்.

காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என நடுகல்லின் நிலைகளை அறுவகையாகக் கற்ற நமக்கு இப்பகுதி புதியதன்று. பீடும் பெயரும் எழுதிக் கல் நாட்டும் மரபு நம்முடையது. வேறுபாடும் உண்டு. நம் நடுகல் போரிற் பட்ட வீரர்க்கு உரியது. இச்சிறுகல் பழிசுமந்து இறந்த எளிய பெண்ணுக்கு உரியது. அநீதியால் துயருற்ற கண்ணகிக்குக் கல் எடுத்த வஞ்சிக்காண்டமே இதற்கு நெருங்கியது. அங்கே இமயத்தினின்றும் கல் கொணர்ந்தவன் பேரரசன். இங்கே கண்ணாடிக் கட்டியில் எழுதியவன் சிறுவன். செயலின் அளவு வேறாயினும் உட்பொருள் ஒன்றே. இளிவையும் வறுமையையும் நினைவினால் துடைத்தல் என்பதே அது.

நூலின் முடிவில், வளர்ந்த பாட் இறந்தாரைக் காணும் ஆற்றலை இழந்து, இடுகாட்டை நீங்கி உயிருடையார் உலகிற்குச் செல்கிறான். அமெரிக்காவின் நியூபெரி பதக்கத்தை 2009-இலும், பிரிட்டனின் கார்னெகி பதக்கத்தை 2010-இலும் பெற்று, இவ்விரண்டையும் ஒருங்கே பெற்ற முதல் நூல் என்னும் சிறப்பினை இது எய்தியது.

தமிழ் மரபிற் காணப்படும் ஒப்புமை

இந்நெறி நம் மரபிற்கு முற்றிலும் அயலானதோ எனின், அன்று. பெரியாழ்வார் திருமொழியில் ‘அப்பூச்சி காட்டுதல்’ என ஒரு பதிகம் உண்டு. அங்கே அச்சுறுத்துபவர் பெரியோர் அல்லர்; கண்ணனாகிய குழந்தையே பிறர்க்கு அப்பூச்சி காட்டி விளையாடுகிறது. அச்சம் பெரியோர் கையில் இருக்குங்காற் கோலாகிறது. குழந்தை கையில் இருக்குங்கால் விளையாட்டுப் பொருளாகிறது. பூச்சாண்டிக்கும் பேய்ப்புதினத்திற்கும் உள்ள வேறுபாடு முழுதும் இதனுள் அடங்கும்.

கலிங்கத்துப்பரணியில் சயங்கொண்டார் பாடிய பேய்கள் பசியால் மெலிந்தவை. போர்க்களத்திற் கூழ் அட்டு உண்பவை. அவற்றைக் கண்டு அஞ்சுதலினும் நகுதலே மிகுதி. பழையனூர் நீலி கதையிற் பேய், கணவனாற் கொலையுண்ட பெண்ணின் முறையீடாக நிற்கிறது. எழுபது வேளாளர் தம் சொல்லைக் காத்துத் தீப்புகுந்ததனால் அக்கதை வாய்மைக்குச் சான்றாயிற்று. தோளிற் சுமந்த வேதாளத்திற்கு விடைகூறும் விக்கிரமாதித்தன் கதையில் அச்சம் அறிவுப் போட்டியாக மாறுகிறது. 1947-இல் தொடங்கப்பெற்ற அம்புலிமாமா இதழின் வாயிலாக அவ்வேதாளம் தமிழ்ச் சிறார் பல தலைமுறையினர்க்குத் தோழனாயிற்று. எனவே, பேயினை நகைக்கும் நீதிக்கும் அறிவிற்கும் வாயிலாக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆயின், வேதாளத்தைச் சுமப்பவன் வேந்தன். நீலியின் வழக்கைக் கேட்போர் ஊர்ப்பெரியோர். சிறுவனே தனித்து நின்று பேயின் துயர்கேட்டு, தானே முடிவுசெய்யும் அமைப்புச் சிறார் புதினத்தின் தனிச்சிறப்பு.

தடையும் விடையும்

பேய்ப்புதினம் மூடநம்பிக்கையை வளர்க்கும் என்பது முதல் தடை. நம்பிக்கை வேறு, புனைவு வேறு என்பதைச் சிறார் நன்கறிவர். பேசும் நரியைப் படித்த சிறுவன் தெருவில் நரியொடு பேச முயல்வதில்லை. மூடநம்பிக்கை ‘இது மெய், ஆதலின் அஞ்சுக’ என்கிறது. புதினமோ ‘இது புனைவு, இதனூடே நின் அச்சத்தைக் காண்க’ என்கிறது. பாரதியார் விலக்கியது அஞ்சுதலையே. பேயைப் பற்றிய புனைவை அன்று.

அச்சத்தையே வாணிகப் பொருளாக்கும் நூல்களும் உளவே என்பது இரண்டாம் தடை. அது மெய்யே. 1992-இல் ஆர். எல். ஸ்டைன் தொடங்கிய ‘கூஸ்பம்ப்ஸ்’ வரிசையில் இயல்தோறும் இறுதியில் ஓர் அதிர்ச்சி வைக்கப்படுவதும், அடுத்த பக்கத்தில் அது வெற்றச்சமாக முடிவதும் பழகிய உத்திகள். அவற்றிலும் ஒரு நன்மை உண்டு. அஞ்சும் சிறுவன் விரும்பியபோது நூலை மூடிவைக்கலாம். பூச்சாண்டியை அவ்வாறு மூடிவைத்தல் இயலாது. எனினும், அச்சத்தினின்று அழுகைக்கும், அழுகையினின்று பெருமிதத்திற்கும் செல்லாத நூல் சிறந்த நூலாகாது. தறுகண், கொடை என்னும் இரண்டும் பெருமிதத்தின் களன்கள். கெம்பின்பொருட்டுக் கல்லறை தேடிய ஜேம்சிடமும், லைசாவிற்குக் கல் வைத்த பாடிடமும் இவ்விரண்டும் ஒருங்கே காணப்படுகின்றன.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், சிறந்த சிறார் பேய்ப்புதினத்திற்கு மூன்று இயல்புகள் உள என்பது பெறப்படும். பேயைப் பெரியோர் அறியாராக, சிறுவனே அறிதல் ஒன்று. அப்பேய் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பனவற்றுள் ஒன்றாலேனும் வருந்தி நிற்றல் மற்றொன்று. அவ்வருத்தம் நீங்கியபின் இருவரும் பிரிதல் மூன்றாவது. கெம்ப் உறங்குகிறான்; தோட்டம் மறைகிறது; பாட் இடுகாட்டை நீங்குகிறான். பேயிடம் விடைபெறக் கற்ற சிறுவன், தன் வாழ்விற் பின்னர் வரும் இழப்புகளின்போதும் விடைபெறும் ஆற்றலைச் சிறிது பெற்றிருப்பான். பாட்டனும் பாட்டியும் இறக்கக் காணும் பருவமும் இதுவே என்பதை நாம் மறத்தலாகாது. அப்பருவத்துச் சிறாரிடம் இறப்பைப் பற்றிப் பேச நாம் தயங்குகின்றோம். நம் தயக்கத்தால் விடப்பட்ட இடத்தைப் பூச்சாண்டி நிரப்புகிறது.

சிறார் இலக்கியத்தை ஆராயும் மாணவர், அறவுரை உளதா, எளிய நடை உளதா என்னும் இரு வினாக்களோடு நின்றுவிடுதல் போதாது. அந்நூல் எம்மெய்ப்பாட்டில் தொடங்கி எம்மெய்ப்பாட்டில் முடிகிறது என்பதையும் வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவுவார்க்கு மெய்ப்பாட்டியல் செய்யுளின் இலக்கணமாக மட்டும் நில்லாது, குழந்தையின் உள்ளத்தை அறியும் கருவியாகவும் பயன்படும். இருட்டறையின் வாயிலில் அஞ்சி நிற்கும் குழந்தைக்கு, ‘அங்கே ஒன்றும் இல்லை’ என்று கூறுவது ஓர் உதவி. ‘அங்கே இருப்பவர்க்கு என்ன குறையோ, கேட்டு வா’ என்று கையில் விளக்கைத் தந்து அனுப்புவது மற்றோர் உதவி. நல்ல பேய்ப்புதினம் செய்வது இரண்டாவதனை.